தாய்லாந்து, வியட்நாம் கடையில் சைவமாகச் சாப்பிட: திருகோணமலைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு பாட் தாய் என்னும் நூடில்ஸ், கிரீன் கறி எல்லாம் பழகிய சாப்பாடு. மே முதல் செப்டெம்பர் வரை, கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் மெனுக்களிலும் அவை வந்துவிடுகின்றன. எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடப் போவோம் என்று கிளம்புவார்கள். கூட வரும் அம்மாவோ அம்மம்மாவோ சைவம் என்றால், கடைசியில் அவர்கள் முன்னால் வெறும் சோறும் வெட்டிய வெள்ளரிக்காயும் வந்து நிற்கும்.

அப்படி நடக்கத் தேவையில்லை. இந்த இரண்டு நாட்டுச் சமையலிலும் தேங்காய்ப்பால், புளி, தேசிக்காய், கீரை, தோஃபு என்னும் சோயாக்கட்டி, காளான் என்று சைவக்காரர் வயிறாரச் சாப்பிட நிறைய இருக்கிறது. மீன் எங்கே ஒளிந்திருக்கிறது, அதை எந்தச் சாப்பாட்டில் இருந்து எடுக்கலாம், எதில் எடுக்கவே முடியாது என்பது தெரிந்தால் போதும்.

முதல் படி: வீட்டிலேயே எல்லையை முடிவு செய்யுங்கள்

மெனுவைத் திறந்த பிறகு யோசிக்கிற விஷயம் இல்லை இது. மச்சம் வேண்டாம் என்பது எல்லோருக்கும் பொது. ஆனால் முட்டை? கேக்கில் இருக்கும் முட்டையைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் சோற்றில் கிண்டிய முட்டையைத் தொடமாட்டார்கள். உள்ளி, வெங்காயம் சில வீடுகளில் விரத நாளில் மட்டும் இல்லை, சில பெரியவர்களுக்கு எப்போதுமே இல்லை. இறால் பொரித்த எண்ணெயிலேயே உங்கள் ரோல்ஸையும் பொரித்தால் சம்மதமா? மீன் வதக்கிய தாச்சியைக் கழுவித் தந்தால் போதுமா? இதற்கெல்லாம் பதில் ஆளுக்கு ஆள் வேறு. கூட வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பால் பற்றி மட்டும் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. இந்தச் சமையல்களில் பசுப்பாலுக்கு இடம் மிகக் குறைவு.

கந்தசஷ்டி, கேதார கௌரி விரத நாட்களிலும், தகப்பனுக்காக ஆடி அமாவாசை விரதம் இருக்கும் நாளிலும் இந்தக் கடைகளுக்குப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. மீனும் இறைச்சியும் சமைக்கிற குசினியில் எவ்வளவு அக்கறையாகச் செய்தாலும் ஒரு கரண்டி மாறிப்போகலாம். அந்த நாளில் வீட்டுச் சமையலோ சைவக்கடையோதான் நிம்மதி. சாதாரண நாளில் தைரியமாகப் போங்கள்.

இரண்டாம் படி: மீன் இருக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடைச் சம்பலைக் கண்டால் மாசி போட்டதோ என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். அதே கேள்வியை இங்கே வேறு பெயர்களில் கேட்க வேண்டும்.

முதலாவது மீன் சோஸ். தாய்லாந்தில் நாம் ப்லா, வியட்நாமில் நுவக் மாம். நெத்தலியையும் உப்பையும், ஏறக்குறைய மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்ற கணக்கில், பெரிய மரப் பீப்பாய்களில் போட்டு ஒரு வருடம் அளவுக்கு ஊறவிட்டு வடித்தெடுப்பது. வியட்நாமின் ஃபூ குவோக் தீவு இதற்குப் பேர்போனது. 2012ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் தீவின் பெயருக்கே சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. தெளிந்த, செம்பழுப்பு நிறத் தண்ணீர்போல இருப்பதால் கண்ணால் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அங்கே சமைப்பவர் உப்பு வைக்கும் இடத்தில் இதைத்தான் வைத்திருப்பார். அதனால்தான் மீன் துண்டே இல்லாத மரக்கறிச் சாப்பாட்டிலும் அது இருக்கும், சமைத்தவர் மனதில் அது மீனாகவே படாது.

இரண்டாவது கபி. கூனி இறாலை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து இடித்த விழுது. தாய்லாந்துக் கறிகளுக்கு அரைக்கும் பச்சை, சிவப்பு விழுதுகளில் வழக்கமாக இது சேரும். மூன்றாவது ஒய்ஸ்டர் சோஸ், சிப்பியில் இருந்து வருவது. கெட்டியாக, கறுப்பாக, சற்று இனிப்பாக இருக்கும். கீரை வதக்கலில் இது இல்லாமல் பல சமையல்காரருக்குக் கை ஓடாது. காளானில் செய்த சைவ ஒய்ஸ்டர் சோஸும் விற்பனைக்கு இருக்கிறது, ஆகவே போத்தலைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

அப்புறம் கோழி, மாட்டெலும்பு அவித்த தண்ணீர். சூப் எல்லாம் அதில்தான் தொடங்கும். டொம் யம் சூப்புக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் மிளகாய் விழுதிலும் காய்ந்த இறால் இருப்பது வழக்கம். மஞ்சள் நிற நூடில்ஸ் பெரும்பாலும் முட்டை சேர்த்தது. வெள்ளையாக இருக்கும் அரிசி நூடில்ஸில் அந்தப் பயம் இல்லை. சாப்பாட்டுக்கு முன் கொறிக்க வைக்கும் வெள்ளை அப்பளம் இறால் மாவில் செய்ததாக இருக்கலாம். பிள்ளைகள் முதலில் கை வைப்பது அதில்தான்.

மூன்றாம் படி: முதல் நாளே, அல்லது பின்னேரமே பேசிவிடுங்கள்

இரவு எட்டு மணிக்கு நிறைந்திருக்கும் கடையில் போய்க் குசினியிடம் விளக்கம் கேட்டால் அவசரமான பதில்தான் கிடைக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து, இரவுச் சமையல் தொடங்குவதற்கு முன், மூன்று நான்கு மணியளவில் தொலைபேசியில் கூப்பிடுங்கள். போகிற வழியாக இருந்தால் நேரிலேயே எட்டிப் பாருங்கள். பரிமாறுகிறவரிடம் அல்ல, சமைக்கிறவரிடம் பேச வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். கறி விழுது இங்கே அரைப்பதா, பக்கெட்டில் வாங்குவதா? வாங்குவது என்றால் அதன் பின்பக்க லேபிளில் ஷ்ரிம்ப், ஃபிஷ், ஆன்சோவி (நெத்தலி) என்று ஏதாவது இருக்கிறதா? பாட் தாய்க்கு ஊற்றும் புளிச் சோஸைக் காலையிலேயே கலந்து வைப்பீர்களா, ஒவ்வொரு தட்டுக்கும் புதிதாகச் செய்வீர்களா? பொரிக்க இரண்டாவது எண்ணெய்ச்சட்டி வைக்க முடியுமா?

இதில் காலையிலேயே கலந்து வைப்பது பற்றிய கேள்விதான் மிக முக்கியம். மீன் சோஸ் இரண்டு விதமாகச் சாப்பாட்டுக்குள் வருகிறது. ஒன்று, தாச்சி அடுப்பில் இருக்கும்போது கடைசி நிமிடத்தில் ஊற்றுவது. அதைச் சமையல்காரர் ஒரு சொல்லில் நிறுத்திவிடலாம். மற்றது, விழுதிலும் சூப்புத் தண்ணீரிலும் ஏற்கனவே கலந்துவிட்டது. ‘மீன் சோஸ் போடாதீங்கோ’ என்று சொன்னால் அவர் மனச்சாட்சிப்படி மேலதிகமாகப் போடமாட்டார்; ஆனால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். சைவக்காரர் நல்ல நம்பிக்கையோடு மச்சம் சாப்பிட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். அதனால் தெரிவு செய்யும்போது, அந்த நேரத்தில் தாச்சியில் புதிதாகச் செய்யும் சாப்பாட்டின் பக்கம் சாயுங்கள்.

நான்காம் படி: மேசையில் எப்படிக் கேட்பது

‘இது வெஜ்ஜா?’ என்று கேட்காதீர்கள். இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் ‘ஓம்’ என்ற பதில் வந்துவிடும். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

“தம்பி, இந்தக் கங்குனுக்குள்ள ஃபிஷ் சோஸ், ஒய்ஸ்டர் சோஸ் போடுவீங்களோ?”

“போடுவம் அக்கா. அது இல்லாட்டி ருசி வராது.”

“அதுக்குப் பதிலா சோயா சோஸும் உப்பும் கொஞ்சம் தேசிக்காயும் போட்டுத் தாங்கோ. தாச்சியையும் ஒருக்காக் கழுவிட்டுச் செய்யச் சொல்லுங்கோ.”

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். வேண்டாததை மட்டும் சொன்னால் சமையல்காரர் அதை எடுத்துவிட்டு, உப்புச் சப்பில்லாத ஒரு தட்டை அனுப்புவார். பதிலுக்கு என்ன போடலாம் என்று நீங்களே சொன்னால் அவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் ருசியாகக் கிடைக்கும். சோயா சோஸ், உப்பு, தேசிக்காய், ஒரு சிட்டிகை சீனி. காளான் இருந்தால் இன்னும் நல்லது.

குசினியில் சிங்களம் பேசுகிறவர் இருந்தால் ‘மாளு சோஸ் தான்ன எப்பா’ என்றால் மீன் சோஸ் போடவேண்டாம் என்பது புரியும். முட்டைக்கு ‘பித்தர தான்ன எப்பா’. மாசிக்கு ‘உம்பலகட’. கடற்கரை ஹோட்டலில் தாய்லாந்துச் சாப்பாட்டோடு சம்பலும் வைத்தால் அந்தச் சொல்லும் தேவைப்படும்.

சாமி காரியம், விரதம் என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லத் தயங்க வேண்டாம். எங்கள் ஊரில் சமையல்காரர் எந்தச் சமயமாக இருந்தாலும் கோயில் விரதம் என்றால் என்னவென்று தெரியும். அலர்ஜி என்று பொய் சொல்வதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

ஐந்தாம் படி: என்ன சாப்பிடலாம்

என்னைக் கேட்டால் முதலில் கங்குன் வதக்கல். தாய்லாந்திலும் வியட்நாமிலும் தினமும் சாப்பிடும் கீரை அது, எங்கள் சந்தையிலும் கட்டுக் கட்டாக வாங்கலாம். இது செய்வதை அடுப்பருகே நின்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். தாச்சி புகையும்வரை சூடாகும். ஒரு பக்கம் கீரையும் நசுக்கிய உள்ளியும் மிளகாயும் சோயா அவரை விழுதும் ஒரே தட்டில் தயாராக இருக்கும். எல்லாம் ஒரே வீச்சில் உள்ளே போகும், நெருப்பு மேலே எழும். சமையல்காரரின் வலது கை அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் போத்தல்களை நோக்கிப் போகும். பார்க்காமலே சோயா, ஒய்ஸ்டர், மீன் சோஸ் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி. அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பழக்கத்தில் ஓடுகிற கை அது. ஆகவே ஓடர் எடுத்தவர் துண்டில் எழுதினால் மட்டும் போதாது, சமைக்கிறவர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். தட்டு வந்ததும் தண்டு மொறுமொறுவென்றும் இலை பச்சை குறையாமலும் இருந்தால் நல்ல கை.

சோம் தம் என்னும் பச்சைப் பப்பாசிச் சாலட்டும் அப்படித்தான், உங்கள் கண்முன்னே செய்யக்கூடியது. சீவிய பப்பாசி, பயற்றங்காய், தக்காளி, மிளகாய், கச்சான், தேசிக்காய்ச் சாறு, பனங்கட்டி, எல்லாவற்றையும் உரலில் போட்டு மெல்ல இடிப்பார்கள். காய்ந்த இறாலும் மீன் சோஸும் அப்போதுதான் சேர்ப்பது, ஆகவே விட்டுவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: உரல். முந்தைய தட்டில் இறால் இடித்திருந்தால் அதன் துகள் அடியிலேயே ஒட்டியிருக்கும். கழுவிய உரலில் செய்யச் சொல்லுங்கள். நண்டும் புளித்த மீனும் போட்டுச் செய்யும் வகையும் உண்டு, மெனுவில் சாதாரண வகையைத் தெரிவு செய்யுங்கள்.

கிரீன் கறி, ரெட் கறி, மஸமான் மூன்றும் விழுதை நம்பியவை. லேபிளில் இறால் இல்லாத பக்கெட் விழுது என்றாலோ, கபி சேர்க்காமல் தனியாக அரைத்துத் தருவோம் என்றாலோ மட்டும் வாங்குங்கள். தேங்காய்ப்பால், அரத்தை, எலுமிச்சம்புல், கத்தரிக்காய், தோஃபு சேர்ந்த நல்ல கிரீன் கறி எங்கள் நாக்குக்கு மிகவும் பிடிக்கும். அதனாலேயே சந்தேகத்தோடு சாப்பிட மனம் வராது. விழுது பற்றித் தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். டொம் யம்மும் அப்படியே.

பாட் தாய் கேட்கும்போது மூன்றையும் சொல்ல வேண்டும்: மீன் சோஸ் இல்லை, காய்ந்த இறால் இல்லை, முட்டை இல்லை. சோஸ் முன்பே கலந்தது என்றால், புளிக்கரைசலும் பனங்கட்டியும் சோயா சோஸும் சேர்த்துப் புதிதாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அவை எல்லாம் எந்தக் குசினியிலும் இருக்கும் பொருட்கள்தான்.

வியட்நாம் பக்கம் வந்தால், அரிசித்தாளில் சுற்றிய பொரிக்காத ரோல் நல்ல தொடக்கம். வழக்கமாக இறாலும் பன்றியும் வைப்பார்கள்; தோஃபு, கரட், சலாது இலை, புதினா வைத்த சைவ வகை கேளுங்கள். தாள் அரிசியில் செய்தது, பயமில்லை. பயம் முழுக்கத் தொட்டுக்கொள்ள வைக்கும் சோஸில் இருக்கிறது. மிளகாய் வட்டங்கள் மிதக்கும் தெளிந்த சோஸ் என்றால் அது மீன் சோஸ் கலந்தது. கச்சான் சோஸ் கேளுங்கள், அதிலும் மீன் சோஸ் சேர்த்தார்களா என்று ஒரு வார்த்தை.

பான் ஸியோ என்பது அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் மஞ்சளையும் கரைத்துத் தாச்சியில் மெல்லிதாக ஊற்றி, மொறுமொறுப்பாகச் சுட்டு மடித்துத் தருவது. மஞ்சள் நிறத்தைக் கண்டு முட்டை என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். வழமையான மாவில் முட்டை இல்லை, எங்கள் அப்பமும் தோசையும் கலந்ததுபோல ஒரு சாப்பாடு அது. உள்ளே அவரை முளையும் காளானும் வைக்கச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவார்கள்.

ஃபோ சூப் மாட்டெலும்பு அல்லது கோழித் தண்ணீர். மரக்கறி மட்டும் போட்டு அதே தண்ணீரில் தருவதற்குச் சம்மதிக்காதீர்கள். சுட்ட இஞ்சி, கறுவா, கராம்பு, நட்சத்திரச் சோம்பு, முள்ளங்கி, காளான் போட்டுத் தனியாக அவித்த சைவ ஃபோ இருந்தால் மட்டும். பான் மீ என்னும் பாண் சான்ட்விச்சில் ஈரல் விழுதும் முட்டை மயோனைஸும் தடவுவார்கள், இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

சில கடைகளில் சைவ வாத்து, சைவ இறால் என்று மெனுவில் இருக்கும். கோதுமைப் புரதம், சோயா, தோஃபு மேற்தோல் இவற்றில் செய்தது. எங்கள் சோயா மீட்டைவிடப் பல மடங்கு உண்மையாகத் தோற்றமளிக்கும். இறாலுக்குச் சிவப்பு வரிகூடப் போட்டிருப்பார்கள். வாழ்நாள் முழுக்க சைவமாக இருந்த ஒரு பெரியவரின் தட்டில் முன்கூட்டிச் சொல்லாமல் அதை வைக்காதீர்கள். சைவம் என்று எத்தனை தடவை சொன்னாலும் பார்த்த கண் ஏற்காது, அன்றைய சாப்பாடே பாழாகிவிடும். அப்படியான தட்டை இளையவர்கள் பக்கம் வையுங்கள்.

இனிப்பு சுலபம். தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும் எல்லோருக்கும் பொருந்தும். பயறும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வியட்நாம் சே, ரம்பை மணக்கும் தாய்லாந்துப் பலகாரங்கள் எல்லாம் நல்லவை. ஜெலி என்றால் அகர் கடற்பாசியா, ஜெலட்டினா என்று கேளுங்கள். கஸ்டர்ட் என்றால் முட்டை.

ஆறாம் படி: தட்டு வந்த பிறகு

பரிமாறுகிறவர் தட்டை வைக்கும்போதே “இது ஃபிஷ் சோஸ் போடாததுதானே?” என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். மேசையில் யாராவது மச்சம் சாப்பிடுகிறார்கள் என்றால் தட்டுகள் மாறாமல் ஒரு பக்கம் பிரித்து வையுங்கள், கரண்டிகளையும் சேர்த்து. கிளறிப் பார்த்தால் காய்ந்த இறால் ஆரஞ்சு நிறத்தில் சின்னதாகச் சுருண்டு கிடப்பது தெரியும். கச்சானோடு கலந்திருந்தால் கவனிக்காமல் விட்டுவிடுவோம். தவறு நடந்திருந்தால் அந்த இடத்திலேயே, குரல் உயர்த்தாமல் சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள். இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டைத் திருப்பி அனுப்பினால் ஏற்க வேண்டாம்.

நன்றாகச் செய்து தந்தால் சமைத்தவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அடுத்த தடவை நீங்கள் வரும்போது அவருக்கு ஞாபகம் இருக்கும், உங்களுக்குப் பின்னால் வரும் சைவக்காரருக்கும் அது உதவும்.

ஏழாம் படி: அந்த நாடுகளுக்கே போனால்

பௌத்த நாடு, சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும் என்று நினைத்துப் போக வேண்டாம். தாய்லாந்தில் இலங்கையைப் போலவே தேரவாத பௌத்தம். பிக்குகள் கொடுத்ததைச் சாப்பிடுகிறவர்கள். அங்கே கடும் சைவ வழக்கம் சீன வம்சாவளி மக்களிடம் இருந்து வந்தது. அதற்கு ஜே என்று பெயர். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. உள்ளி, வெங்காயம் போன்ற கடும் மணமுள்ளவையும் இல்லை. எங்கள் விரதச் சாப்பாட்டுக்கு இதைவிட நெருக்கமானது வேறு கிடைக்காது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடையைத் தேடுங்கள். ‘மங்சவிரத்’ என்று எழுதியிருந்தால் அது இளகிய சைவம், முட்டை இருக்கலாம்.

‘கின் ஜே’ என்றால் ஜே சாப்பிடுகிறேன். ‘மாய் சாய் நாம் ப்லா’ மீன் சோஸ் போடாதீர்கள், ‘மாய் சாய் கபி’ கபி போடாதீர்கள். முட்டைக்கும் கோழிக்கும் அவர்கள் சொல்லும் சொற்கள் எங்கள் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும், சொல்வதிலும் பிசகும். அதைக் கைபேசியில் எழுதிக் காட்டுவது பாதுகாப்பு.

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாட்கள் அங்கே சைவத் திருவிழா. புக்கெட் தீவில் அது பெரிதாக நடக்கும், தெருவெல்லாம் மஞ்சள் கொடிதான். 2023லும் 2024லும் அது எங்கள் நவராத்திரியோடு சேர்ந்து வந்தது. 2025ல் ஒரு மாதம் தள்ளிப்போய்க் கந்தசஷ்டியோடு சேர்ந்தது. பயணத் திகதியை நீங்களே தீர்மானிக்க முடியும் என்றால் அந்த நாட்களைப் பாருங்கள்.

வியட்நாமில் நிலைமை இன்னும் நல்லது. அங்கே மகாயான பௌத்தம், துறவிகள் மச்சம் சாப்பிடுவதில்லை. பொதுமக்களிலும் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். அதாவது எங்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள். சைவத்துக்கு அங்கே ‘சாய்’ என்பார்கள். ‘தோய் ஆன் சாய்’ என்றால் நான் சைவம். கடைப் பலகையில் ‘கொம் சாய்’ என்று கண்டால் உள்ளே போய்விடலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய கறிகளை விரலால் காட்டினால் சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள். அங்கே தொட்டுக்கொள்ள வரும் சோஸும் சோயாவில் செய்ததுதான். முட்டை சாப்பிடாதவர்கள் அதை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.